அக்கரப்பத்தனையில் பொருத்திய இரும்பு அடுப்பு

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து சுடுதண்ணீர் குடித்தேன். வாசல் தூணில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன். இரத்த அழுத்த மாத்திரை, சவரம், முந்தைய நாள் செய்தித்தாளை மடித்து அடுக்கில் வைப்பது. கோத்தகிரியில் என் காலைகள் இந்த வரிசையில்தான் நடக்கும். அன்று ஒன்று மட்டும் கூடுதல். கட்டி வைத்த பெட்டியை மறுபடி திறந்து, வெள்ளைக் கயிற்றுச் சுருள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தேன்.

அது நெருப்பில் எரியாத கயிறு. இரும்பு அடுப்பின் கதவு விளிம்பில் பதித்தால் இடுக்கு வழியாகப் புகை கசியாது. அதை எடுத்துக்கொண்டுதான் இலங்கைக்குப் புறப்பட்டேன். என் வாழ்வில் முதல் வெளிநாட்டுப் பயணம். "அடுப்பு மூட்டவா பிளேன்ல போறீங்க?" என்று மனைவி கேட்டாள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

என் பெற்றோர் அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றிலிருந்து கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். பெரியப்பா வரவில்லை. அவருடைய மகன் தங்கராசு அண்ணன் தேயிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமென்று வீட்டுக்குப் பின்னால் பலகையில் ஒரு சின்னக் கேபின் கட்டியிருந்தார். தோட்டத்துத் துரையின் பழைய பங்களா ஒன்றைப் பிரித்தபோது சிறிய விறகு அடுப்பு ஒன்றும் அவருக்குக் கிடைத்திருந்தது. கோத்தகிரியில் என் வீட்டில் அதே போன்ற அடுப்பை நானே பொருத்தியவன் என்பதால் அழைப்பு எனக்கு வந்தது.

அழைப்பில் அவசரமும் இருந்தது. அண்ணன் மகள் கோகிலாவுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எடை குறைவான பெண் குழந்தை. சூட்டோடு வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தார். கோகிலாவின் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், லீவு கிடைக்கவில்லை. தாயும் பிள்ளையும் கேபினில் இருக்கட்டும், அடுப்பை மட்டும் வந்து வைத்துக் கொடுங்கள் என்றார் அண்ணன்.

நான் இயல்பிலேயே பயந்தவன். விமானம் பற்றிய பயத்தைவிட, ஒரு பலகை அறையில் நெருப்பை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கப் போகிறோம் என்ற பயம் பெரிதாக இருந்தது.

கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி கயிற்றுச் சுருளைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அடுப்புக்கு என்று ஆங்கிலத்திலும் கைச்சாடையிலும் விளக்கினேன். இருவரும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மொழிபெயர்த்தார். ஊரெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு ஓடுகிறது, இந்த மனிதர் அடுப்பைத் தேடி வருகிறார் என்று சொன்னார்களாம்.

ஹட்டனுக்குப் போகும் ரயில் ஒரு சுரங்கத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றது. மரம் விழுந்திருக்கிறது என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே பள்ளம், அதற்குக் கீழே மஞ்சு. மற்றவர்கள் இறால் வடையும் அவித்த கடலையும் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் பள்ளத்தைப் பார்க்காமல் எதிர் இருக்கையின் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஹட்டனிலிருந்து பஸ். இறக்கத்தில் ரப்பர் தீய்ந்த வாடை அடித்தது. வண்டியை ஓரம் நிறுத்தி, நடத்துநர் ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு சக்கரத்தில் ஊற்றினார். சாரதி இறங்கி வெற்றிலை போட்டார். பிரேக் சூடாகிவிட்டது, அது ஆறுகிற வரைக்கும் நாமும் ஆறுவோம் என்று அவர் சிங்களத்தில் சொன்னதாகப் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். என்னைத் தவிர எல்லோரும் ஆறிப்போய்த்தான் இருந்தார்கள்.

அக்கரப்பத்தனையில் அண்ணன் ஆட்டோவோடு காத்திருந்தார். இரண்டு பக்கமும் தேயிலை. கோத்தகிரியிலும் இதே செடிதான். ஆனால் அங்கே ஏக்கர் இரண்டு ஏக்கர் என்று சிறு விவசாயிகளின் தோட்டம், நடுநடுவே அவரவர் வீடு. இங்கே மலை முழுக்க ஒரே தோட்டம், அதன் ஓரத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள். எங்கள் ஊரில் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸை இங்கே டர்பன்டைன் என்கிறார்கள். கேபின் பலகையும் அதுதான். எண்ணெய் ஊறிய மரம், நன்றாகப் பிடித்து எரியும் என்று அப்போதே மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அண்ணன் மனைவி பார்வதி மதினி, கொழுந்து எடுக்கும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். சூடான ரொட்டியும் இடித்த சம்பலும் கொடுத்தார். தேத்தண்ணியில் சீனி இல்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து, நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். எனக்கு அந்த ஒழுங்கு வரவில்லை, சட்டையெல்லாம் சிந்தியது. "இந்தியாவுல சீனிய கோப்பைக்குள்ளயே போட்டுத் தந்து தம்பிய கெடுத்து வச்சிருக்காங்க" என்றார் மதினி.

கோகிலா உள்ளறையில் இருந்தாள். காதில் பஞ்சு, தலையில் துணி. பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்று ஜன்னல் அடைத்திருந்தது. தலையணைக்குக் கீழே காத்து கருப்பு அண்டாமல், தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தி. குழந்தை ஒரு கம்பளிச் சுருள் அளவுதான் இருந்தது. அறையின் மூலையில் கரி நிரப்பிய அனல் சட்டியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் வாயு நிறமும் மணமும் இல்லாதது, தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கூரையைக் காட்டினார். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. "லயத்துல பொறந்தவங்க எல்லாரும் இந்தச் சட்டியோடதான் வளந்தோம். காத்துதான் வேணாம்னாலும் வருதே" என்றார். அது உண்மை. ஆனால் கேபினில் அந்த இடைவெளி இல்லை. வெள்ளைக்காரர்கள் தங்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு பலகை இடுக்கையும் அரக்கு வைத்து அடைத்திருந்தார்.

ஞாயிறு முழுவதும் அளவெடுத்தேன். அடுப்புக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம், குழாய் கூரையைத் தொடும் இடத்தில் எவ்வளவு இடைவெளி என்று தாளில் படம் வரைந்தேன். திங்களன்று ஹட்டனில் குழாய் செய்யக் கொடுத்தோம். பட்டறைக்காரரை பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். குழாய்க்குள் படுக்கிற மாதிரி ஒரு வட்டத் தகடும் கேட்டேன். வெளியே கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால் தகடு படுத்துப் புகைவழியைக் குறைக்கும், விறகு மெதுவாக எரியும். என் வீட்டு அடுப்பிலும் உண்டு. பாஸ் வெட்டிக் கொடுத்த தகட்டின் ஓரத்தில் விரல் நுழையும் சந்து இருந்தது. வேலை சுத்தமாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறொன்று வெட்டினார். அது குழாய்க்குள் கச்சிதமாக, ஒளி தெரியாமல் பொருந்தியது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

செவ்வாயும் புதனும் வேலை. செங்கல் மேடை, சுவரை ஒட்டாமல் நிற்கும் தகரத் தடுப்பு, கூரையில் துளை, துளையைச் சுற்றி ஈயத் தகடு, மேலே மழைத் தொப்பி. கதவு விளிம்பில் வெள்ளைக் கயிறு. கடைசியாகத் தரையை ஒட்டி, எரிவதற்கான காற்று உள்ளே வர, கையகலத்துக்குப் பலகையை அறுத்து வலை அடித்தேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "அடுப்ப வச்சுச் சூடாக்கிட்டு, ஓட்டையப் போட்டுக் குளிர வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறீங்களேப்பா" என்றார்.

அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஓட்டையை அடைக்கக் கூடாது. கைப்பிடியைப் பாதிக்கு மேல் திருப்பக் கூடாது. ஆட்கள் தூங்கும்போது முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னார். அப்போது மதினி தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். கைப்பிடியைப் பார்த்து, அது எதுக்குத் தம்பி என்று கேட்டார். நெருப்பைக் கூட்டவும் குறைக்கவும் என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. கொறச்சு வச்சா அணையாம கெடக்கும், தீக்குச்சி மிச்சம்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

வியாழன் காலை நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து மூட்டினோம். குழாயில் நீலப் புகை எழுந்து தேயிலை மேல் சாய்ந்தது. நான் அரை மணிக்கு ஒருமுறை சுவர்ப் பலகையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். கூரைத் துளையைச் சுற்றித் தொட்டேன். வாளியில் தண்ணீர், பெட்டியில் மணல். நெருப்புப் பொறி, சூடேறும் பலகை, வெடிக்கும் கட்டை என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பயத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். பலகை கடைசிவரை குளிர்ந்தே இருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கோகிலாவையும் குழந்தையையும் கேபினுக்கு மாற்றினார்கள். அன்றிரவு அண்ணனே விறகு போட்டுக் கவனித்துக்கொண்டார். காலையில் கோகிலா, பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கவில்லை சித்தப்பா என்றாள்.

வெள்ளிக்கிழமை கடன் வாங்கிய ஏணியையும் துளை போடும் இயந்திரத்தையும் திருப்பிக் கொடுக்க அண்ணனும் நானும் ஹட்டன் போனோம். திரும்பும் வழியில் ஆட்டோவின் டயர் காற்று இறங்கியது. மாற்று டயரும் வழுக்கையாக இருந்தது. மெதுவாக வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, மஞ்சு இறங்கியிருந்தது. வாசலில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் கேபின் கூரையைப் பார்த்தேன். குழாயில் புகை இல்லை.

அணைந்துவிட்டதா மதினி என்று கேட்டேன். அவர் அடுக்களையில் பூண்டுக் குழம்பு கிளறிக்கொண்டிருந்தார்.

"அணையுமா? கட்டைய நெறையப் போட்டு, நல்லா கங்கானதும் அந்தக் கைப்புடியத் திருப்பி அமத்தி வச்சிட்டேன். புள்ளையக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டி, ரெண்டு பேரும் தூங்குறாங்க."

லயத்துப் பெண்கள் விடியற்காலையில், வேலைக்கு ஆள் பதியும் பெரட்டுக்குப் போகும்முன் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்துவிட்டுப் போவார்கள். கொழுந்து நிறுத்துத் திரும்பி வரும்போது கங்கு உயிரோடிருக்கும். தீக்குச்சி இல்லாமல் மறுபடி மூட்டிவிடலாம். மதினி முப்பது வருடம் நாள் தவறாமல் செய்தது அது. இதை நான் யோசித்தது பிற்பாடு. அப்போது ஓடிக்கொண்டிருந்தேன்.

கேபின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கோகிலா என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி தட்டியபோது, வெகு தூரத்திலிருந்து வருவது போல ஒரு முனகல். அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு உதைத்தார். இரண்டாம் உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

உள்ளே புகையே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நடுங்குவது அதை நினைத்துத்தான். அறை இதமான சூட்டில், சாம்பிராணி வாசத்தோடு, நான் வாக்குக் கொடுத்தது போலவே இருந்தது. கைப்பிடி முழுக்கத் திருப்பியிருந்தது. தரையோரத் துளையில் ஒரு கொழுந்துச் சாக்கு, மடிப்புக் கலையாமல் நேர்த்தியாகத் திணித்திருந்தது. கோகிலா எழ முயன்று பாயிலேயே சரிந்தாள். "தலை பொளக்குது" என்றாள். அவளருகில் குழந்தை கிடந்தது. தொட்டேன். உதறவில்லை, சிணுங்கவில்லை. கம்பளியோடு அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மதினி வாசலில் கையை விரித்து மறித்தார்.

"ஐயோ, பனியில கொண்டாராதீங்க தம்பி. பச்சப் புள்ள செத்துப் போயிரும்."

உள்ளேயிருக்கும் காற்றுதான் கொல்லும் என்றேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. ஏறும்படி யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினார். கொழுந்து பறித்த கை, என்னைவிடப் பலம். "கைய விடு" என்றேன். அண்ணன் மனைவியை நான் ஒருமையில் பேசியது அன்றுதான். அவர் திகைத்துக் கையை எடுத்தார். நான் மஞ்சுக்குள் போய், குழந்தையின் முகத்திலிருந்து துணியை விலக்கினேன். நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. அவ்வளவுதான் தெரிந்தது. அண்ணன் கோகிலாவைத் தோளில் தூக்கி வந்து புல்லில் கிடத்தினார். அவள் வாந்தி எடுத்தாள்.

ஆட்டோவில் போனோம். வழுக்கை டயர், ஈரத் தார், பாதியில் குழிகள். வரும்போது பார்க்கவே பயந்த வளைவுகளில் அண்ணன் ஒடித்து ஓட்டினார். நான் ஒரு பள்ளத்தையும் பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கருகே என் விரல் இருந்தது. இரு பக்கத்துத் திரையையும் தூக்கிவிட்டிருந்தோம், காற்று அறைந்தது. மதினி கோகிலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் சேலைத் தலைப்பை எடுத்துக் குழந்தையை மூடக் கையை நீட்டுவதும் என் முகத்தைப் பார்த்து இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். தேயிலை ஆலை வளைவு தாண்டியபின் குழந்தை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சிங்களப் பெண், நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவர். "கரிச் சட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். குளிர் காலத்தில் இப்படி வருவதுண்டாம். இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். குழந்தைக்கு முகமூடி பெரிதாக இருந்தது, நர்ஸ் கையால் பிடித்துக்கொண்டே நின்றார். நான் சுவரோரம் நின்று அந்தக் கையையே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கோகிலா பேசினாள். பிறகு பிள்ளையைக் கேட்டாள். பிள்ளை பால் குடித்தது. ஆபத்துத் தாண்டியது என்றே நினைக்கிறேன், நாளை ஒரு பகல் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். துணைக்கு ஆள் தேவையில்லை என்று எங்களை வெளியே அனுப்பினார்கள்.

வாசல் பெஞ்சில் மதினி உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைத் திட்டினார். ஓட்டையை அடைக்காதே, கைப்பிடியைத் திருப்பாதே என்று தம்பி அத்தனை தடவை சொன்னாரே என்றார்.

"ஒங்களுக்குச் சொன்னாரு" என்றார் மதினி. குரல் உயரவில்லை. "எனக்கு யாரு சொன்னா? வீட்டுல அடுப்புக்கிட்ட நிக்கிறது நீங்களா, நானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது கோத்தகிரி அடுப்பின் தகடு நினைவுக்கு வந்தது. அதன் ஓரத்தில் ஒரு பிறைத் துண்டு இல்லாமல் இருக்கும். பழசாகித் தேய்ந்தது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். முழுக்கத் திருப்பினாலும் புகை போக வழி இருக்கட்டும் என்றுதான் அதை வெட்டியிருக்க வேண்டும். பாஸ் வெட்டிய முதல் தகட்டிலும் சந்து இருந்தது, அவர் தெரிந்தே விட்டுவைத்தாரா கை தவறியதா தெரியாது. ஒளி புகாமல் பொருந்த வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் நான். இதை அங்கேயே இருவரிடமும் சொன்னேன். அண்ணன் ஆட்டோவைத் திருப்பப் போனார். ஒருமையில் பேசியதற்கு மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க" என்றார். "புள்ள பால் குடிச்சதுல்ல."

சனிக்கிழமை காலை சுடுதண்ணீர் குடிக்கவில்லை, சவரம் செய்யவில்லை. விழித்ததும் கேபினுக்குப் போனேன். எனக்கு முன்னால் மதினி அங்கே இருந்தார். கதவு அகலத் திறந்திருந்தது. சாக்கை உருவி வெளியே எறிந்துவிட்டு, குளிர்ந்த அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க தம்பி, மொதல்லருந்து" என்றார்.

காற்று எங்கே நுழைகிறது, புகை எங்கே போகிறது, கங்கு சிவந்து கிடக்கும்போது ஏன் மூடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். முழுக்கத் திருப்பினார், திறந்தார், மறுபடி திருப்பினார். அது எங்கேயும் தட்டாமல் இதமாகச் சுழன்றது.

"இவ்வளவு திருப்புனா ஆளு செத்துரும்னா, இவ்வளவு திரும்புற மாதிரி எதுக்குச் செஞ்சீங்க?"

ஸ்பேனரை எடுத்து வந்தேன். அவர் குழாயை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை வெளியே எடுத்தேன்.